அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தாருங்கள்

கொழும்பில் சி.ரி. ஸ்கான் பிரிவு நடத்தும் தனியார் வைத்தியசாலைகளின் பணிப்பாளர்களுக்கும், அப்பிரிவுகளுக்குப் பொறுப்பான கதிரியக்க வைத்திய நிபுணர்களுக்கும்,

கடந்த மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு ஒன்றரைப் பக்கப் பதில் கடிதம் ஒன்று வந்தது. என் தங்கையின் மகளுக்கு அந்த வைத்தியசாலையில் எடுக்கப்பட்ட வயிற்று சி.ரி. ஸ்கானின் கதிர்வீச்சு அளவு எவ்வளவு என்று நான் எழுத்தில் கேட்டிருந்தேன். அந்த அளவு உள்ளகத் தரவு என்றும், எவ்வாறாயினும் அது சர்வதேச நியம அளவுகளுக்கு உட்பட்டதே என்றும், இவ்வருடத் தொடக்கத்திலிருந்து, அந்த அளவைக் காட்டும் டோஸ் பக்கத்தை நோயாளருக்குக் கொடுக்கும் இறுவட்டில் சேர்ப்பதில்லை என நிருவாகம் தீர்மானித்துள்ளது என்றும், அப்பக்கத்தைப் பார்க்கும் நோயாளர்கள் வீணாகப் பயப்படுவதே அதற்குக் காரணம் என்றும் பதிலில் எழுதப்பட்டிருந்தது. அந்த வைத்தியசாலையின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கடிதத்தை அனுப்பியவருக்கு அது தன்னைப் பற்றியது என்று தெரியும்; மற்றவர்கள் உங்கள் இறுவட்டுகளைத் திறந்து பார்த்தால், இம்மடல் உங்களுக்கும் உரியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நான் இருபத்தொன்பது வருடங்கள் ரேடியோகிராபராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். முதற் பாதி அரச வைத்தியசாலைகளில், பிற்பாதி கொழும்பில் தனியார் துறையில். ஆகவே அந்தப் பக்கம் என்னவென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஸ்கான் முடிந்தவுடனும் இயந்திரம் தானாகவே எழுதி, படங்களின் கடைசியில் ஒரு படமாகச் சேர்த்துவிடும் கணக்கு அது. எத்தனை தடவை உடல் அந்த வளையத்துக்குள் போனது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கதிர் வெளியானது, மொத்தம் எவ்வளவு என்ற மூன்று விடயங்களும் அதில் இருக்கும். அதை இறுவட்டில் விடுவதற்கு ஒருவர் எதுவும் செய்யத் தேவையில்லை. எடுத்துவிடுவதற்குத்தான் யாரோ உட்கார்ந்து ஒரு வேலை செய்திருக்க வேண்டும். கடைக்காரர் பற்றுச்சீட்டைக் கிழித்துவிட்டு, விலையைப் பார்த்தால் உங்களுக்கு நெஞ்சிடிக்கும் என்று சொல்வதை எவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

என் பெறாமகளுக்கு இருபத்தாறு வயது. ஐம்பத்திரண்டு கிலோ எடை. சிறுநீரகக் கல் அவளுக்கு. பதின்மூன்று மாதங்களுக்குள் நான்கு தடவை வயிற்று சி.ரி. எடுக்கப்பட்டது.

முதலாவது, ஒரு நள்ளிரவில், விலாவில் தாங்க முடியாத நோவோடு கொண்டுபோய்ச் சேர்த்தபோது எடுத்தது. அதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை, எடுக்கத்தான் வேண்டும். சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் நான்கு மில்லிமீற்றர்க் கல் தெரிந்தது. டோஸ் பக்கத்தில் இருந்த மொத்தக் கணக்கு 696 மில்லி கிரே சென்ரிமீற்றர்; கதிரின் அளவையும் அது பட்ட உடலின் நீளத்தையும் பெருக்கி வரும் அலகு அது. இரண்டாவது, நான்கு மாதங்களின் பின், கல் இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக அதே வைத்தியசாலையில் எடுத்தது. அன்று வரவேற்பில் அவளுக்கு முழு வயிற்றுப் பொதி ஒன்று விற்கப்பட்டது. உறுப்புகளைப் படத்தில் தெளிவாக்க நாளத்தில் ஏற்றும் கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் ஒரு தடவை, ஏற்றியவுடன் ஒரு தடவை, பின்னர் தாமதித்து ஒரு தடவை என மூன்று முறை வயிறு முழுவதும் ஸ்கான் செய்யப்பட்டது. மொத்தம் 2,010. மூன்றாவது ஸ்கானுக்கு நானே அவளை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த ரேடியோகிராபர் ஓர் இளைஞர். கல்லுக்காகத்தானே என்று கேட்டுவிட்டு, கல்லுக்கென்று தனியாக வைத்திருந்த குறைந்த அளவுப் புரோட்டோகோலை, அதாவது இயந்திரத்தில் முன்கூட்டியே வகுத்து வைத்த அமைப்புகளை, தெரிவு செய்தார். 163. பழைய கல் போயிருந்தது. இடது சிறுநீரகத்துக்குள் புதிதாக ஒன்று, மூன்றரை மில்லிமீற்றர். படம் மணல் தூவியது போலச் சற்றுச் சொரசொரப்பாக இருந்தது. கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்பது நாட்களின் பின், சத்திரசிகிச்சை நிபுணரைக் காண முதலாவது வைத்தியசாலைக்குப் போனபோது, வெளியிலிருந்து கொண்டுவரும் இறுவட்டுகளை ஏற்பதில்லை என்று கூறி நான்காவது ஸ்கானை எடுத்தார்கள். அதே கல், அதே இடம், அதே மூன்றரை மில்லிமீற்றர். அதன் அளவைத்தான் நான் கேட்டேன். அதைத்தான் நீங்கள் தர மறுத்தீர்கள்.

இந்த எண்களை நோயாளர் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது உங்கள் வாதத்தின் அடியில் கிடக்கும் எண்ணம். புரிய வைப்பது கடினமல்ல. வயிற்றுக்கும் இடுப்புக்கும் சேர்த்து எடுத்த ஸ்கானின் மொத்தக் கணக்கை 0.015ஆல் பெருக்கினால், முழு உடலுக்கும் ஒப்பிடத்தக்க அளவு அண்ணளவாக மில்லி சீவெர்ட்டில் வரும். எங்கள் துறையில் எல்லாரும் பயன்படுத்தும் கணக்கு இது. முதலாவது ஸ்கான் சுமார் 10 மில்லி சீவெர்ட், இரண்டாவது சுமார் 30, மூன்றாவது சுமார் இரண்டரை. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகில் ஒரு மனிதர் ஒரு வருடத்தில் இயற்கையாகப் பெறுவதன் சராசரி 2.4 மில்லி சீவெர்ட். ஆக, மூன்றாவது ஸ்கானில் அவள் பெற்றது ஏறக்குறைய ஒரு வருட இயற்கைக் கதிர்வீச்சு. இரண்டாவதில் பெற்றது பன்னிரண்டு வருடங்களுக்குரியது. கல் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு இரண்டிலும் விடை கிடைத்தது. உண்மையில் இரண்டாவதில் மருந்து ஏற்றிய பின் எடுத்த இரண்டு சுற்றுகளும் கல்லைத் தேடுவதற்குத் தேவைப்படவே இல்லை; தாமதித்து எடுக்கும் சுற்றிலோ, சிறுநீரில் இறங்கிய மருந்தும் கல்லைப் போலவே வெள்ளையாகத் தெரிந்து அதை மறைத்துவிடும்.

இந்த அளவுகளால் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 10 மில்லி சீவெர்ட் ஒருவருடைய வாழ்நாள் ஆபத்தில் சேர்ப்பது மிகச் சிறியது. கிட்டத்தட்ட இரண்டாயிரத்தில் ஒன்று என்று மதிப்பிடுவார்கள், அதுவும் உயர்ந்த அளவுகளிலிருந்து கீழ்நோக்கி நீட்டிய கணக்கு, தனியொருவர் தலையில் எழுதக்கூடியதல்ல. உரிய காரணத்துக்காக எடுக்கும் ஸ்கானின் பயன் அதைவிடப் பலமடங்கு பெரியது. பயத்தினால் தேவையான ஸ்கானைத் தவிர்ப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன், அதுவும் கேடுதான். ஆனால் இருபத்தாறு வயதுப் பெண். சூலகங்கள், குடல், இரைப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் கதிர்படும் பரப்புக்குள். இனியும் கல் வரக்கூடிய உடல். அப்படியானவருக்கு ஒவ்வொரு தடவையும் தேவையற்ற மூன்று பங்கு, நான்கு பங்கு என்று கூட்டிக்கொண்டு போவதற்கு, ஆபத்து சிறியது என்பது நியாயமாகாது. எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதற்கு ஈடாக அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சர்வதேச நியம அளவுகளுக்கு உட்பட்டது என்ற உங்கள் பதிலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயாளருக்கு உச்ச வரம்பு என்று எதுவும் வகுக்கப்படவில்லை. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு 1996இல் முன்வைத்ததும், 2017இல் விரிவாக எழுதியதும் உசாத்துணை அளவுகள் என்ற கருத்தை. பல வைத்தியசாலைகளின் நடு அளவுகளைத் திரட்டி வரிசைப்படுத்தி, அவற்றில் முக்கால் பங்கு எந்தப் புள்ளிக்குக் கீழே நிற்கிறதோ அதைக் கோடாக வைக்கிறார்கள். அக்கோட்டைத் தாண்டும் வைத்தியசாலை தன் வேலைமுறையை ஆராய வேண்டும் என்பதே அதன் பொருள். கோட்டுக்குக் கீழே இருப்பவர் நன்றாகச் செய்கிறார் என்ற சான்றிதழை அது எவருக்கும் தரவில்லை. அதிலும் அது சராசரி உடலுள்ள நோயாளர் கூட்டத்துக்குரியது, ஐம்பத்திரண்டு கிலோ எடையுள்ள ஒருத்தியைக் கொண்டுவந்து அதில் நிறுத்திப் பார்ப்பதற்குரியதல்ல. 1999இல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் வழிகாட்டி வயிற்று சி.ரி.க்கு 780 என்ற எண்ணைத் தந்தது. அதை வைத்துப் பார்த்தால் என் பெறாமகளின் முதலாவது ஸ்கானின் 696 தேறிவிடும். 1999இன் இயந்திரங்களுக்கு வகுத்த கோட்டில் இன்றைய இயந்திரம் தேறுவதில் என்ன பெருமை இருக்கிறது? இன்னொன்று, உங்கள் நிபுணர்களுக்கு நன்றாகத் தெரிந்தது: திரையில் தோன்றும் அளவு 32 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் உருளை ஒன்றை வைத்துக் கணித்தது. அதைவிட மெலிந்த உடல் உண்மையில் வாங்குவது திரையிலுள்ள எண்ணைவிடக் கூட.

வேறுபாட்டுக்குக் காரணம் இயந்திரம்தான், புது இயந்திரத்துக்குப் பணம் வேண்டும், நாட்டின் நிலை அப்படி என்று நீங்கள் சொல்லக்கூடும். 2022க்குப் பிறகு உதிரிப்பாகம் ஒன்றை இறக்குமதி செய்வதற்கு நீங்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். ஆனால் 2019இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று ஏழு நாடுகளின் 151 நிலையங்களிலிருந்து இருபது லட்சம் ஸ்கான்களைத் திரட்டிப் பார்த்தது. வயிற்று ஸ்கானின் சராசரி அளவு நாட்டுக்கு நாடு 7இலிருந்து 25.7 மில்லி சீவெர்ட் வரை வேறுபட்டது. நோயாளரின் உடல், நிலையத்தின் வகை, இயந்திரத்தின் உற்பத்தியாளர், மாதிரி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்த பின்னும் அவ்வேறுபாடு பெரும்பாலும் அப்படியே நின்றது. அதைப் பெரும்பாலும் விளக்கியது, இயந்திரத்தை இயக்குபவர்கள் தெரிவு செய்த அமைப்புகளே. எங்கள் கைகள், அதாவது. என் பெறாமகளின் மூன்றாவது ஸ்கானை எடுத்த இயந்திரம் உங்களுடையதைவிடப் பழையது.

இதை எழுதும்போது என் மனச்சாட்சி உறுத்துகிறது. ஆகவே என் பக்கத்தையும் சொல்லிவிடுவது முறை. உற்பத்தியாளரின் பொறியியலாளர் வந்து இயந்திரத்தைப் பூட்டும்போது ஏற்றிவிட்டுப் போன புரோட்டோகோல்களை நாங்கள் வருடக்கணக்காகத் தொடவில்லை. அவை எந்த நாட்டு உடம்பை எண்ணி வகுக்கப்பட்டவை என்று நாங்கள் கேட்கவில்லை. படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் முகம் சுளிக்கும் நிபுணர் ஒருவர் இருந்தார். அவர் முறையில் வரும் நாட்களில், கதிரின் அளவைத் தீர்மானிக்கும் மின்னோட்டத்தைக் கூட்டி வைப்பது எங்களிடையே எழுதப்படாத சட்டம். பின்னர் அவர் போய்விட்டார். கூட்டி வைத்தது அப்படியே இருந்தது. நானும் அதே பொத்தானை அழுத்தியவள்தான், எத்தனை ஆயிரம் பேருக்கு என்று எனக்கே தெரியாது.

படம் கெட்டுவிடும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் வேர். அது வெறும் பயமும் அல்ல. அதற்குள் உண்மை இருக்கிறது. கதிரைக் குறைத்தால் படத்தில் இரைச்சல், அதாவது அந்த மணல் தூவியது போன்ற சொரசொரப்பு, கூடும். இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். கதிரைப் பாதியாக்கினால் இரைச்சல் சுமார் நாற்பது சதவீதம் ஏறும். இது இயற்பியல், எந்த மென்பொருளாலும் இதை இல்லாமற் செய்ய முடியாது. ஆனால் எவ்வளவு இரைச்சலைப் பொறுக்கலாம் என்பது எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சுற்றியுள்ள தசையைவிடக் கதிரை மிகக் கூடுதலாக மறிக்கும் கல், சொரசொரப்பான படத்திலும் மின்னும். ஈரலுக்குள் இருக்கும் சிறிய கட்டி அப்படியல்ல. அதற்கும் ஈரலுக்கும் இடையிலான சாம்பல் நிற வேறுபாடு மிக மெல்லியது, இரைச்சல் கொஞ்சம் ஏறினாலே கரைந்துவிடும். புற்றுநோயாளி ஒருவரின் ஈரலைப் பார்ப்பதற்கு எடுக்கும் ஸ்கானில் கதிரைக் கண்மூடித்தனமாகக் குறைத்து ஒரு கட்டியைத் தவறவிட்டால், அந்த ஸ்கானின் முழுக் கதிரும் வீண். அதை நான் கேட்கவில்லை. ஈரலுக்கு வேண்டிய படத்தைக் கல்லுக்கும் எடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். குடல்வால் அழற்சிக்கும் இது பொருந்தும். கொரியாவில் 15 முதல் 44 வயது வரையான 891 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழமையான அளவிலும் மற்றதற்கு ஏறத்தாழ அதன் காற்பங்கிலும் ஸ்கான் எடுத்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தேவையின்றிக் குடல்வாலை வெட்டியெடுத்த விகிதம் வழமையான அளவில் 3.2 சதவீதம், குறைந்த அளவில் 3.5 சதவீதம். அவர்களுடைய குறைந்த அளவின் நடுக்கணக்கு 116 மில்லி கிரே சென்ரிமீற்றர். அந்த எண்ணை உங்கள் திரையில் கடைசியாக எப்போது கண்டீர்கள்?

படத்தைக் கெடுக்காமலே குறைக்கக்கூடியதும் ஏராளம். அதில் பெரும்பகுதிக்கு ஒரு சதமும் செலவில்லை. நோயாளரை வளையத்தின் நடுவில் படுக்க வைப்பது முதலாவது. மேசை சில சென்ரிமீற்றர் ஏறி, ஸ்கானுக்கு முன் பரப்பைக் குறிப்பதற்கான ஸ்கௌட் படத்தை எடுக்கும் கதிர்க்குழாய்க்கு உடல் கிட்டப் போய்விட்டால், இயந்திரம் ஆளைப் பருத்தவர் என்று கணக்கிட்டு மின்னோட்டத்தைக் கூட்டிவிடும். விலகிப்போனால் குறைத்துப் படத்தைக் கெடுக்கும். நோவில் கிடப்பவரின் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க ஒரு தலையணையும் இரண்டு நிமிடப் பொறுமையும் போதும். கைகள் பக்கவாட்டில் கிடந்தால் கதிரும் கூடும், ஈரலின் குறுக்கே கீற்றுக் கீற்றாகக் கோடுகளும் விழும். சிறுநீரகத்தின் மேல் நுனியிலிருந்து சிறுநீர்ப்பையின் அடி வரை போதுமான இடத்தில், நெஞ்சின் பாதியையும் தொடையின் மேற்பகுதியையும் சேர்த்து எடுப்பது அவசரத்தில் எல்லோரும் செய்வது. முதலாவது ஸ்கானில் என் பெறாமகளின் இதயத்தின் அரைவாசியை நான் பார்த்தேன். கல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

மெலிந்தவர்களுக்குக் கதிர்க்குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ற்றிலிருந்து 100 ஆக்கினால், மற்ற அமைப்புகளை அப்படியே விட்டாலும் கதிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய ஸ்கானில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: அம்மருந்திலுள்ள அயடீன் குறைந்த வோல்ற்றளவில் கதிரை இன்னும் கூடுதலாக உறிஞ்சுவதால் இரத்தக்குழாய்களும் ஈரலும் முன்னையதைவிடப் பளிச்சென்று தெரியும், ஏறிய இரைச்சலுக்கு அது ஈடுகொடுக்கும். எங்கள் ஊரில் பருத்த உடலாளர்கள் இல்லாமலில்லை, அவர்களுக்கு 120 வேண்டும்தான். ஆனால் தெரிவு செய்வதற்கு முன் ஆளை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

பிறகு தானியங்கிக் கட்டுப்பாடு. இயந்திரம் உடலின் தடிப்பை அளந்து மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இந்த வசதியை எல்லாரும் புகழ்கிறார்கள், நானும்தான். ஆனால் எவ்வளவு மிருதுவான படம் வேண்டும் என்று அதற்கு நாம்தான் சொல்லிவைக்கிறோம். அளவுக்கு மீறி மிருதுவான படத்தைக் கேட்டால், அது கேள்வி கேட்காமல் தரும், எலும்பும் தோலுமாக இருப்பவரிடமிருந்தும். 2008ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த மீள்கணிப்பு மென்பொருளுக்கும், அண்மைய வருடங்களில் வந்த செயற்கை நுண்ணறிவுக் கணிப்புக்கும் இதே கதை நேர்ந்திருக்கிறது. குறைந்த கதிரில் எடுத்த படத்தின் இரைச்சலைத் துடைப்பதற்காக வந்தவை அவை. பழைய கதிரையே வைத்துக்கொண்டு படத்தை இன்னும் பளபளப்பாக்குவதற்கு அவற்றைப் பயன்படுத்துவதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். விளம்பரத்தில் கதிர்வீச்சு குறைந்த நவீன இயந்திரம் என்று போட்டிருந்தது. அம்மென்பொருளைக் கடைசி எல்லைவரை முடுக்கினால் படம் மெழுகு பூசியது போலாகி மெல்லிய கட்டிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பதும் உண்மை. ஆகையால் அளவோடு முடுக்கி, கதிரைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் நிபுணரும் ரேடியோகிராபரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படத்தைப் பார்த்து, போதும் என்ற இடத்தில் நிற்க வேண்டும். சில வாரங்கள் எடுக்கும் வேலை அது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டுகளில் பார்த்து முகம் சுளிக்காமல், மூன்று மில்லிமீற்றர், ஐந்து மில்லிமீற்றர்த் துண்டுகளாக்கிப் பார்த்தாலே இரைச்சல் வெகுவாக அடங்கிவிடும் என்பதையும் நிபுணர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைச் சிறிய விடயம் என்று நினைப்பவர்கள் ஸ்கான் அறையில் நின்றதில்லை. மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள் என்று சொல்லும் இயந்திரக் குரல் உங்களில் பலரிடம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, சிலரிடம் சிங்களத்திலும். கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும், ஏன், மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும்கூட, இரவு பஸ் ஏறி உங்களிடம் வருபவர்களில் எத்தனை பேருக்கு அது விளங்கும்? விளங்காத வயோதிப மாது ஒருவர் பிடிக்கச் சொல்லும்போது விட்டு, விடச் சொல்லும்போது பிடித்து, படம் இரட்டைப்பட்டு, மறுபடியும் முழு வயிறும் எடுக்கப்பட்டதை நான் ஒரு தடவையல்ல, பல தடவை கண்டிருக்கிறேன். ஒரு தமிழ் வசனம் தெரியாததற்காக அந்த அம்மா இரட்டிப்புக் கதிர் வாங்கினார். அக்குரலை எந்த மொழியிலும் பதிந்து வைக்க இயந்திரத்திலேயே வசதி இருக்கிறது. நான் வேலை செய்த கடைசி இடத்தில் ஒரு மதிய இடைவேளையில் என் குரலிலேயே பதிந்து வைத்தேன். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் நீங்கள் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கிறீர்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். இரண்டும் சட்டகமிட்டு வரவேற்பறையில் தொங்குகின்றன. அவை இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் கிடைத்த அனுமதிகள். ஒரு குறித்த நாளில் ஒரு குறித்த பெண்ணின் வயிற்றுக்குள் எவ்வளவு கதிர் போகிறது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் புரோட்டோகோல். அதைக் காட்டும் ஒரே சாட்சி அந்தக் கடைசிப் பக்கம். அதை எடுத்துவிட்டால் நோயாளருக்கு மட்டும் அல்ல, அடுத்த தடவை அவரைப் பார்க்கும் வைத்தியருக்கும் எதுவும் தெரியாது. பதின்மூன்று மாதங்களில் நான்கு ஸ்கான் என்பதை என் பெறாமகளின் எந்த வைத்தியரும் கவனிக்கவில்லை. கூட்டிப் பார்ப்பதற்கு அவர்கள் கையில் எண்களே இருக்கவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

டோஸ் பக்கத்தை இறுவட்டில் மீண்டும் சேருங்கள். மொத்த அளவை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாக எழுதுங்கள், கேட்பவருக்கு அதன் பொருளைத் தமிழிலோ சிங்களத்திலோ விளக்கக்கூடிய ஒருவரைப் பிரிவில் வைத்திருங்கள். சிறுநீரகக் கல்லுக்கென்று தனியான குறைந்த அளவுப் புரோட்டோகோல் ஒன்றை வகுத்து, மெலிந்த நோயாளருக்கு அதுவே முதற்தெரிவாக இருக்கும்படி செய்யுங்கள். கல் இறங்கியதா என்று பார்க்க வருபவருக்கு முதலில் அல்ட்ரா சவுண்ட் போதுமா என்று கேளுங்கள். முழு வயிற்றுப் பொதி என்ற பெயரில் மூன்று சுற்றுகளை விற்பதை நிறுத்துங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றுக்குமான காரணத்தைக் கதிரியக்க நிபுணர் கோரிக்கைப் படிவத்தில் தன் கையால் எழுத வேண்டும். அண்மையில் வேறிடத்தில் எடுத்த ஸ்கானின் இறுவட்டைத் திறந்து பார்க்காமல் மறுபடி எடுக்கக் கூடாது. பார்த்த பின்னும் எடுக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கான காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். மூச்சுக் குரலைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிந்து வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வந்து தமிழில் பேசித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை, கல், குடல்வால், ஈரல் என்று ஒவ்வொரு வகை வயிற்று ஸ்கானுக்கும் முப்பது நோயாளரின் அளவுகளை எடுத்து, அவற்றின் நடு அளவைக் காத்திருப்போர் அறைச் சுவரில் மூன்று மொழிகளிலும் ஒட்டுங்கள், அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவைக்கும் அனுப்புங்கள்.

எனக்குப் பதில் எழுதிய வைத்தியசாலையிடம் தனியாக இரண்டு கோரிக்கைகள். இவ்வருடத் தொடக்கத்தில் எடுத்த அத்தீர்மானத்தை எழுத்தில் மீளப் பெறுங்கள். என் பெறாமகளின் நான்காவது ஸ்கானின் டோஸ் பக்கத்தை, இம்மடல் கிடைத்து முப்பது நாட்களுக்குள் அவள் கையில் கொடுங்கள். அடுத்த மாதம் அவள் சத்திரசிகிச்சை நிபுணரைக் காணவிருக்கிறாள். ஐந்தாவது ஸ்கான் வேண்டும் என்று யாராவது சொன்னால் முன்னைய நான்கின் கணக்கும் மேசையில் இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்
வெள்ளவத்தை, கொழும்பு 06